படையில் ஒரு பாதிரியார்

அணுப்பிளவு பற்றிப் படிக்கப் போன நான் ஒரு பாதிரியாரிடம் வந்து நின்றேன். ஜார்ஜ் சபெல்கா என்பது அவர் பெயர். 1945-இல் பசிபிக் கடலின் டினியன் தீவில், அணுகுண்டு வீசிய அமெரிக்க விமானப் பிரிவுக்கு அவரே கத்தோலிக்கக் குரு. ஆகஸ்டு 6-இல் ஹிரோஷிமா அழிந்தது, 9-இல் நாகசாகி. அங்கே உரகாமி என்னும் பகுதி ஜப்பானியக் கத்தோலிக்கர்களின் தொன்மையான இருப்பிடம். அதன் பேராலயம் இடிந்து, பாவமன்னிப்புப் பெற வந்திருந்த மக்களும் குருக்களும் உள்ளேயே மாண்டனர். எந்த மதத்தினர் மாண்டாலும் கொடுமை கொடுமைதான். ஆயினும் இதைப் படித்தபோது என் நெஞ்சம் நடுங்கியது.

படைக்குரு ஆயுதம் ஏந்துவதில்லை. 1949-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தப்படி, பகைவரிடம் சிக்கினாலும் அவர் போர்க்கைதி அல்லர். ஆனால் அவர் உடுத்துவது படை அதிகாரியின் உடை. வாங்குவது படையின் சம்பளம். சாகப்போகும் இளைஞனுக்கு ஆறுதல் சொல்ல ஒருவர் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அவன் கொல்லப் போகும்போது அவனிடம் என்ன சொல்வது? பொதுமக்களைக் கொல்லாதீர் என்று தாம் ஒரு பிரசங்கமும் செய்ததில்லை எனச் சபெல்காவே பின்னாளில் கூறினார். செய்திருந்தால் அந்தப் பதவியில் நீடித்திருப்பாரா என்பது என் ஐயம். முதுமையில் ஜப்பானுக்கே சென்று, குண்டுக்குத் தப்பியவர்களிடம் மன்னிப்புக் கேட்டார்.