பிழை எந்த வரியில்?

மறைக்கல்வி வகுப்பில், "யோவான் நற்செய்தி, மூன்றாம் அதிகாரம், பதினாறாம் வசனம்" என்று சொன்னவுடன் நாம் எல்லோரும் ஒரே வசனத்தை எடுத்துவிடுகிறோம். ஒருத்தியின் கையில் பெரிய எழுத்து விவிலியம். மற்றொருத்தியிடம் கையடக்கப் பதிப்பு. பக்க எண்கள் வேறு வேறு. வசன எண் ஒன்றே. இராபர்ட் எஸ்தியேன் என்னும் அச்சகத்தார் 1551ஆம் ஆண்டில் ஜெனீவாவில் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் இட்ட வசன எண்களே இன்றும் நமக்கு வழிகாட்டுகின்றன. பக்கம் மாறினாலும் இடத்தைத் தவறாமல் காட்டும் எண்ணின் அருமையைக் கணிப்பொறி உலகிலும் காணலாம். அதைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம்.

கணிப்பொறிக்கு நாம் எழுதித் தரும் கட்டளைகளின் தொகுப்பே நிரல். வரிவரியாக நாம் எழுதும் நிரலை எந்திர மொழிக்கு மாற்றித் தருவது கம்பைலர். நிரலில் பிழை இருந்தால், "இத்தனையாவது வரியில் பிழை" என்று கம்பைலர் சொல்லும். 'சி' மொழியிலோ, கம்பைலர் படிப்பதற்கு முன்பே நிரலை ஒழுங்கு செய்யும் மற்றொரு பகுதியும் உண்டு. அதற்குப் பிரீபிராசஸர் என்று பெயர். தமிழில் முன்செயலி எனலாம். உலை வைக்குமுன் அரிசியில் கல் பொறுக்கித் தருவது போன்றது அதன் பணி.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 'சி' மொழியை உருவாக்கியவர் டென்னிஸ் ரிட்சி. அம்மொழியில் முன்செயலி 1972–73ஆம் ஆண்டுகளில் இடம்பெற்றது. முதலில் அது வேறொரு கோப்பை உள்ளே கொண்டுவருவது, ஒரு பெயருக்குப் பதிலாக வேறு சொற்களை இடுவது ஆகிய இரண்டு பணிகளை மட்டுமே செய்தது. பிற்பாடு மைக் லெஸ்க், ஜான் ரெய்சர் ஆகியோர் அதை விரிவாக்கினர்.

இனி ஓர் எடுத்துக்காட்டு. மதிப்பெண்களைக் கூட்டும் 11 வரி நிரல் ஒன்றை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். முதல் 4 வரிகள், நிரலைப் படிப்பவர்களுக்காக நாம் எழுதிய விளக்கக் குறிப்பு. 5ஆம் வரியில் 'இன்க்ளூட்' என்னும் கட்டளையால் வேறொரு கோப்பை உள்ளே அழைக்கிறோம். 6ஆம் வரியில் முதன்மைப் பகுதி தொடங்குகிறது. 10ஆம் வரியில் ஒரு பெயரை எழுத்துப் பிழையுடன் எழுதிவிட்டோம்.

விளக்கக் குறிப்பு கம்பைலருக்குத் தேவையில்லை. ஆதலால் முன்செயலி அந்த 4 வரிகளையும் அடியோடு நீக்கிவிட்டால், நம்முடைய 10ஆம் வரி 6ஆம் வரியாகிவிடும். அடுத்து, அழைத்த கோப்பில் 800 வரிகள் இருந்தால், அந்த 'இன்க்ளூட்' வரி போய் அதன் இடத்தில் 800 வரிகள் வந்து அமரும். இப்போது நம் பிழை 805ஆம் வரியில்! 11 வரி எழுதியவள் 805ஆம் வரியை எங்கே போய்த் தேடுவாள்?

ஆனால், 805ஐ விடப் பொல்லாதது 6 என்ற எண்ணே. 805 என்றால் ஏதோ தவறு என்று உடனே தெரிந்துவிடும். 6 என்றால் நம்பிவிடுவோம். குற்றமற்ற 6ஆம் வரியைத் திருத்தி, நன்றாயிருந்ததையும் கெடுப்போம். உண்மையான பிழை 10ஆம் வரியில் அப்படியே இருக்கும்.

இதைத் தவிர்க்க முன்செயலியை எழுதுவோர் சில முறைகளைக் கையாளுகின்றனர்.

முதலாவது, எழுத்துகளை நீக்கினாலும் வரி முடிவுகளை நீக்காதிருத்தல். 4 வரிக் குறிப்பு போன இடத்தில் 4 வெற்று வரிகள் இருக்கும். கம்பைலர் வெற்று வரிகளையும் எண்ணிக்கொண்டு வருவதால் 10ஆம் வரி 10ஆம் வரியாகவே நிற்கும்.

இரண்டாவது, அடையாளக் குறி இடுதல். கோப்பு ஒன்று உள்ளே வரும்போது, "இனி வருவது இன்ன கோப்பின் 1ஆம் வரி" என்றும், அது முடிந்தவுடன், "இனி வருவது பழைய கோப்பின் 6ஆம் வரி" என்றும் குறி இடப்படுகிறது. 'சி' மொழியில் இதற்கென்றே 'லைன்' என்னும் கட்டளை உண்டு. அதில் எழுதும் எண், குறி இருக்கும் வரிக்குரியதன்று. அடுத்து வரும் வரிக்குரியது. இதை மறந்தால் எல்லா எண்களும் ஒன்று பிசகும். கோப்பின் பெயரும் இன்றியமையாதது. தெருப் பெயர் இல்லாமல் வீட்டு எண்ணை மட்டும் எழுதினால் கடிதம் போய்ச் சேருமா?

மூன்றாவது, பட்ட கடனைத் தீர்த்தல். நீண்ட வரியை இரண்டாக மடித்து எழுதும்போது, முதல் வரியின் இறுதியில் ஒரு சாய்கோடு இடுவோம். முன்செயலி அவ்விரண்டையும் ஒரே வரியாக இணைத்துவிடும்; அதனால் ஒரு வரி குறைகிறது. குறைந்ததற்கு ஈடாக, பின்னால் ஒரு வெற்று வரியைச் சேர்த்துக் கணக்கை நேர் செய்யவேண்டும்.

இத்தேவை முன்செயலியோடு முடிவதன்று. அதே பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் ஜான்சன் உருவாக்கிய 'யாக்' என்னும் கருவி, இலக்கண விதிகளைப் படித்துத் தானே 'சி' நிரலை எழுதித் தருவது. அதுவும் தான் எழுதும் நிரலில் 'லைன்' குறிகளை இடுகிறது. எனவே, விதிகளுக்கிடையே நாம் எழுதிய பகுதியில் உள்ள பிழை, நாம் எழுதிய கோப்பின் வரி எண்ணுடனேயே தெரியவரும். இன்று இணையப் பக்கங்களுக்கான நிரல்களைச் சுருக்கி ஒரே வரியாக்கி அனுப்புகிறார்கள். அங்கும் 'சோர்ஸ் மேப்' என்னும் தனிக் கோப்பு, சுருக்கிய நிரலின் ஒவ்வோர் இடமும் மூல நிரலில் எங்கே இருந்தது என்பதைக் காட்டுகிறது.

தோழியரே, நம் கட்டுரைக்கு ஆசிரியை, "பிழைகள் மூன்று" என்று மட்டும் எழுதித் தந்தால் நாம் தவித்துப் போவோம். பிழையின் கீழே சிவப்புக் கோடு இட்டுத் தரும்போதோ உடனே திருத்திக்கொள்கிறோம். அந்தக் கோடு வேறு ஒரு சொல்லின் கீழே விழுந்தால் என்ன ஆகும்? பிறர் எழுதியதை ஒழுங்கு செய்ய முன்வருபவர், எதையும் நீக்கலாம், எதையும் சேர்க்கலாம். ஆனால் மூலத்திற்குத் திரும்பிச் செல்லும் வழியை அழிக்கலாகாது. பிழையைச் சுட்டிக்காட்டுவது நன்று. அதன் இடத்தைச் சரியாகக் காட்டுவது அதனினும் நன்று.