'பேசாதே'வுக்கு ஸ்பானிஷில் என்ன?

கேள்வி: நான்கு மாதமாக ஸ்பானிஷ் படிக்கிறேன். 'பேசு' என்பதற்கு 'ஆப்லா', 'இல்லை'க்கு 'நோ'. இரண்டையும் சேர்த்து 'நோ ஆப்லா' என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையில் சுழிக்கிறார். 'நோ ஆப்லெஸ்'தான் சரியாம். ஏன்?
– வாசகி, கோவை

பதில்: நீங்கள் எழுதியதும் ஸ்பானிஷ்தான், அர்த்தம்தான் வேறு. 'நோ ஆப்லா' என்றால் 'அவர் பேசுவதில்லை'. யாரையும் தடுக்கவில்லை, யாரைப் பற்றியோ தகவல் சொல்கிறீர்கள். தமிழில் மட்டும் 'பேசு'வோடு 'இல்லை'யை ஒட்டியா தடுக்கிறோம்? 'பேசாதே' என்று வினையின் வாலையே மாற்றுகிறோமே! ஸ்பானிஷில் முன்னால் 'நோ'வும் உண்டு, வாலும் மாறும். அந்த வாலுக்கு இலக்கணத்தில் சப்ஜங்க்டிவ் என்று பெயர்.

'ஆப்லார்' போல 'ஆர்' என்று முடியும் வினைக்கு 'எஸ்' வரும். 'எர்', 'இர்' என்று முடிந்தால் 'ஆஸ்'. 'கோமே' சாப்பிடு, 'நோ கோமாஸ்' சாப்பிடாதே.

பலர் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். வாலை ஒட்ட வேண்டியது கட்டளை வடிவத்தில் அல்ல, 'நான்' வடிவத்தில். 'வை' என்பதற்கு 'போன்'. 'நான் வைக்கிறேன்' என்பதற்கு 'போங்கோ' (யாழ்ப்பாணத்தார் 'போங்கள்' என்று சொல்வது போலவே ஒலிக்கும், மறக்கவே மறக்காது). கடைசி 'ஓ'வை எடுத்துவிட்டு 'ஆஸ்' போடுங்கள்: 'நோ போங்காஸ்', வைக்காதே. அப்படியே 'என்னிடம் உள்ளது' என்னும் 'தெங்கோ'விலிருந்து 'நோ தெங்காஸ் மியேதோ', பயப்படாதே. 'நான்' வடிவம் 'ஓ'வில் முடியாத சில வினைகளுக்கு இந்த வழி செல்லாது. 'நோ செயாஸ்' (இருக்காதே), 'நோ பாயாஸ்' (போகாதே) போன்றவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

இன்னொன்று: 'அதை என்னிடம் சொல்' என்பது 'தீமெலோ', ஒரே சொல். 'சொல்லாதே' என்றதும் பின்னால் ஒட்டியிருந்த 'மே', 'லோ' இரண்டும் பிரிந்து வினைக்கு முன்னால் வந்துவிடும்: 'நோ மே லோ தீகாஸ்'.

மரியாதையாகப் பேசுவோருக்கு இந்தத் தொல்லை பாதிதான். 'பேசுங்கள்' என்பது 'ஆப்லே', 'பேசாதீர்கள்' என்பது 'நோ ஆப்லே'. வால் மாறுவதே இல்லை.

அருங்காட்சியகங்களில் 'நோ தோகார்' என்று பலகை தொங்கும். நம் 'தொடக் கூடாது' மாதிரி அது அறிவிப்பு, மூல வினையை அப்படியே எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்துக் குழந்தையிடம் அப்படிச் சொல்லாதீர்கள். குழந்தைக்கு 'நோ தோகெஸ்'.