பெயர் மாறலாம், ஊர் மாறுவதில்லை
(கணிப்பொறிப் பட்டியல்களில் நாடும் மாவட்டமும்)

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்

விண்ணப்பம் இன்றி வாழ்க்கை இல்லை என்று சொல்லத்தக்க காலம் இது. கல்லூரிச் சேர்க்கை, கல்வி உதவித்தொகை, வேலைவாய்ப்புப் பதிவு என எதை நாடினாலும் திரையில் ‘நாடு’, ‘மாநிலம்’, ‘மாவட்டம்’ என்ற மூன்று கட்டங்கள் நம்மை எதிர்கொள்கின்றன. தொட்டவுடன் ஒரு பட்டியல் கீழே விரிகிறது. அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் ஊருக்குரிய பெயர் அதில் இல்லையென்றால், உண்மையல்லாத ஒன்றை நாமே எழுதிக் கொடுக்க நேர்கிறது. பின்னர் சான்றிதழும் விண்ணப்பமும் ஒத்துப்போகவில்லை என்றால் அலைபவர் விண்ணப்பித்தவரே. ஆகவே அப்பட்டியலை எங்கிருந்து பெறுவது, எதை நம்புவது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் ஏன் போதாது?

எங்கள் வீட்டில் விண்ணப்பத்தைத் தானே நிரப்பும் முதல் ஆள் நான். என் தாத்தாவின் நிலப் பத்திரத்தில் ‘மதுரை மாவட்டம், பெரியகுளம் தாலுகா’ என்றிருக்கிறது. என் சான்றிதழிலோ ‘தேனி மாவட்டம்’. வீடு ஓர் அடிகூட நகரவில்லை, எல்லைக்கோடுதான் நகர்ந்தது. பழைய மதுரை மாவட்டத்திலிருந்து 1985இல் திண்டுக்கல்லும், 1996ஆம் ஆண்டு அரசாணையால் தேனியும் பிரிந்தன. பக்கத்து இராமநாதபுரம் மாவட்டமும் 1985இல் மூன்றானது. அப்போது காமராசர் மாவட்டம் என்று பெயர் பெற்ற பகுதி 1997இல் விருதுநகர் மாவட்டமாயிற்று.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழகத்தில் 32 மாவட்டங்கள். 2019இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய ஐந்தும், 2020இல் மயிலாடுதுறையும் சேர்ந்து 38 ஆயின. பழைய கணக்கெடுப்புப் பட்டியலை அப்படியே எடுத்துப் பயன்படுத்தினால் தென்காசி மாணவர் தம் மாவட்டத்தைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

எழுத்துக்கூட்டலும் ஒரு சிக்கல். 2020 ஜூன் மாதத்தில் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கேற்ப மாற்றித் தமிழக அரசு அறிவித்தது. சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. மனிதர் கண்ணுக்குத் ‘தூத்துக்குடி’யும் ‘டூட்டிகோரி’னும் ஓர் ஊரே. கணிப்பொறிக்கு அவை இரண்டு ஊர்கள்! எனவே பெயரை மட்டும் நம்பி மாணவர்களை மாவட்டவாரியாக எண்ணினால் கணக்குப் பிழைபடும்.

அஞ்சல் குறியீட்டு எண்ணைக் கொண்டு மாவட்டத்தை அறியலாமே எனச் சிலர் கேட்கலாம். 1972இல் தொடங்கிய அவ்வெண், கடிதங்களைப் பிரிப்பதற்காக ஏற்பட்டது. தேனிக்கு 625531, உசிலம்பட்டிக்கு 625532. அடுத்தடுத்த எண்கள், ஆனால் முன்னது தேனி மாவட்டம், பின்னது மதுரை மாவட்டம். ஒரு வேலைக்காக அமைந்த எண்ணை வேறு வேலைக்குப் பூட்டலாகாது.

உலகம் கண்ட வழி

நாடுகளுக்கு இச்சிக்கலைத் தீர்க்கவே 1974இல் ஐ.எஸ்.ஓ. 3166 என்னும் பன்னாட்டுத் தரம் வெளியானது. அதில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஈரெழுத்துக் குறி, மூவெழுத்துக் குறி, மூவிலக்க எண் என மூன்று உண்டு. இந்தியாவுக்கு ஐ.என்., ஐ.என்.டி., 356. எண்கள் ஐக்கிய நாடுகள் சபையின் புள்ளியியல் பிரிவு வழங்குபவை.

இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. 1989இல் பர்மா மியான்மர் ஆனபோது எழுத்துக் குறி பி.யு.விலிருந்து எம்.எம். என மாறியது, 104 என்ற எண் மாறவில்லை. 2011இல் தெற்கு சூடான் பிரிந்தபோது சூடானின் எஸ்.டி. என்ற எழுத்து நிலைத்தது. எண் 736இலிருந்து 729 ஆயிற்று. பெயர் மட்டும் மாறினால் எண் நிற்கும். நிலப்பரப்பு மாறினால் எண் மாறும். பெயர் மாற்றம் வேறு, பிரிவினை வேறு என்பதை இவ்வேற்பாடு தெளிவாகக் காட்டுகிறது.

ஐ.நா. உறுப்பு நாடுகள் 193, ஐ.எஸ்.ஓ. பட்டியலிலோ 249 பதிவுகள். தமிழ் வழியினர் வாழும் ரீயூனியன் தீவு பிரான்சின் ஒரு பகுதியே ஆயினும் தனிக்குறி பெற்றுள்ளது. ஆகவே ‘நாடு’ என்ற கட்டம் குடியுரிமையைக் கேட்கிறதா, முகவரியைக் கேட்கிறதா என்பதை முதலில் முடிவு செய்தல் வேண்டும்.

நம் நாட்டில் நம்பத்தக்கது

இந்தியாவில் மத்திய அரசின் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் ‘லோக்கல் கவர்ன்மெண்ட் டைரக்டரி’ என்ற தொகுப்பைப் பராமரிக்கிறது. மாநிலம், மாவட்டம், வட்டம், கிராமம், ஊராட்சி ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறியீட்டு எண் அதில் உண்டு. மாவட்டப் பட்டியலுக்கு இதையும், நாட்டுப் பட்டியலுக்கு ஐ.எஸ்.ஓ.வையும் கொள்வதே முறை.

பட்டியலைப் பெற்றபின் செய்யத்தக்கவை மூன்று:

1. மாணவர் பதிவேட்டில் பெயரை எழுதாமல் குறியீட்டையே எழுத வேண்டும். பெயர்கள் தனி அட்டவணையில் இருக்கட்டும். பெயர் மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

2. ஒவ்வொரு பதிவுக்கும் தொடக்க நாள், முடிவு நாள் இரண்டும் வேண்டும். பழைய பெயரை அழிக்கக்கூடாது. இலங்கையிலிருந்தும் பர்மாவிலிருந்தும் தாயகம் திரும்பிய குடும்பங்களின் தாள்களில் ‘சிலோன்’, ‘பர்மா’ என்றே இருக்கும். தேடினால் அப்பெயர்களும் அகப்பட வேண்டும்.

3. பெயர் மாற்றத்தைக் கணிப்பொறி தானே திருத்தலாம். பிரிவினையைத் திருத்த இயலாது. ‘காமராசர்’ என்பதை ‘விருதுநகர்’ ஆக்குவது எளிது. ஆனால் 1980ஆம் ஆண்டுப் பதிவில் உள்ள ‘மதுரை’ இன்று மதுரையா, திண்டுக்கல்லா, தேனியா? வட்டத்தின் பெயர் தெரிந்தால்தான் சொல்ல முடியும். எனவே பதிவேட்டில் வட்டத்துக்கும் ஓர் இடம் வேண்டும்.

நாளை நம்மில் பலர் இத்தகைய படிவங்களை அமைக்கும் பணிக்குச் செல்வோம். நாம் தயாரிக்கும் பட்டியலில் ஒரு வரி விடுபட்டால், எங்கோ ஒரு கிராமத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் ஒருவர் தம் ஊரைக் காணாமல் திகைப்பார். பிழை தம்முடையதோ என்றும் அஞ்சுவார். அந்த அச்சத்தை அவருக்குத் தராமல் இருப்பது நம் கல்விக்குரிய கடமையாகும்.