பணம் அனுப்பும் இயந்திரமும் இரண்டாவது கையொப்பமும்



சங்கத்தின் காசோலையில் இருவர் கையொப்பம் எதற்கு? ஒருவரை நம்பாமையினால் அன்று. ஒருவர் தவறினும் சங்கத்தின் பணம் தவறாதிருத்தற்பொருட்டு. இப்பழைய விதியைப் புதியதொரு கருவிக்குப் பொருத்திப் பார்ப்பதே இம்மாதப் பாடம்.

செயற்கை நுண்ணறிவு முகவர் எனப்படும் கணினி நிரல்கள் இன்று கடிதங்களையும் விலைப்பட்டியல்களையும் படிக்கின்றன, கணக்கு எழுதுகின்றன, இடங்கொடுத்தால் பணம் அனுப்பும் கட்டளையையும் வங்கிக்கு இடுகின்றன. இத்தகைய முகவர் வழியே யு.பி.ஐ. மூலம் பொருள் வாங்கும் சோதனை நம் நாட்டில் 2025 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. எலவனாசூர்கோட்டை வட்டாரச் சங்கங்களுக்கும் அது வரும் நாள் தொலைவில் இல்லை.

காரியங்கள் இருவகை: மீட்கக்கூடியன, மீட்கவொண்ணாதன. பேரேட்டில் நேர்ந்த பிழையை எதிர்ப்பதிவினால் திருத்தலாம். 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் அனுப்பும் ஆர்.டி.ஜி.எஸ். முறையில் சென்ற பணமோ முடிவானது. அனுப்பியவர் அதனைத் திரும்ப அழைக்க இயலாது. 2020 டிசம்பர் 14 முதல் அம்முறை இரவும் பகலும் இயங்குகிறது.

புனேயிலுள்ள காஸ்மாஸ் கூட்டுறவு வங்கிக்கு 2018 ஆகஸ்டில் நேர்ந்ததைக் கேளுங்கள். பணம் தரலாமா என ஏ.டி.எம். இயந்திரங்கள் வினவியபோது, வங்கியின் கணக்கைப் பாராமலே ‘தரலாம்’ என விடையிறுக்கும் போலி நிரலைத் திருடர் அமைத்தனர். சுமார் 94 கோடி ரூபாய் பறிபோயிற்று. பெரும்பகுதி 28 நாடுகளில் எடுக்கப்பட்டது. அங்கே நுண்ணறிவு முகவர் இல்லை. ஆயினும் இயந்திரம் கேட்க, இயந்திரமே ஒப்பியது. இடையில் மனிதர் இலர்.

முகவரிடத்தில் வேறோர் அபாயமும் உண்டு. நூல் வியாபாரியின் பட்டியலில், “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதற்கே அனுப்புக” என்று ஒரு வஞ்சகன் ஒரு வரி சேர்த்தால், குமாஸ்தா ஐயுறுவார். முகவரோ அதனைக் கட்டளையாகவே கொள்ளக்கூடும்.

ஆகவே நிர்வாகக் குழு கைக்கொள்ளத்தக்க விதிகள்:

1. முகவர் பட்டியலைச் சரிபார்த்துப் பட்டுவாடாவைத் தயாரிக்கட்டும். அனுப்பும் அதிகாரம் அதற்கு வேண்டா. ‘அனுப்பாதே’ என்று சொல்லிவைப்பது பூட்டு ஆகாது. சாவியைக் கொடாதிருப்பதே பூட்டு.

2. ஒப்புதல் தருபவர் தம் சொந்தக் கைபேசியிலிருந்து தருக. அதற்கு வரும் கடவு எண் முகவர் படிக்கும் இடத்திற்கு வருதல் கூடாது.

3. புதிய கணக்கிற்கு உடனே பணம் அனுப்பற்க. முன்பே அறிந்த தொலைபேசி எண்ணில் வியாபாரியை அழைத்துக் கேட்டு, ஒரு நாள் பொறுத்து அனுப்புக.

4. நாள் ஒன்றுக்குரிய உச்சவரம்பை வங்கியிலேயே விதித்துவைக்க.

இவையெல்லாம் இருந்தும் ஒரு குறை நேரலாம். ஒரு சங்கத்தில் தணிக்கைக்குச் சென்றபோது, தொகை எழுதாத காசோலைகளில் இரண்டாவது கையொப்பம் முன்கூட்டியே இடப்பட்டிருக்கக் கண்டேன். கேட்டதற்கு, “அடிக்கடி வர நேரமில்லை, ஐயா” என்றனர். கைபேசியில் வரும் ஒப்புதலைப் படியாமல் அழுத்துவதும் அதுவே. பெறுவோர் பெயர், தொகை, காரணம் மூன்றையும் படித்த பின்னரே விரல் அசைதல் வேண்டும்.

அங்கத்தினர்களே, அடுத்த பொதுப்பேரவையில் ஒரு கேள்வி கேளுங்கள்: “நம் சங்கப் பணம் வெளியே செல்லுமுன் அதனைப் படித்துப் பார்ப்பவர் யார்?” விடையாக ஒரு மனிதரின் பெயர் வருதல் வேண்டும்.