சக்கரமும் தரையும்

திண்டுக்கல் நகரின் பாறைக்கோட்டைமீது ஏறி நின்று நோக்குவோர்க்கு நிலத்தின் பல தோற்றங்கள் ஒருங்கே புலனாகும். தெற்கே சிறுமலை வானை முட்டி நிற்கும். மேற்கே பழனி மலைத்தொடர் நீல நிறத்தில் நீண்டு கிடக்கும். இவ்விரு மலைகளுக்கும் இடையே செம்மண் சமவெளி விரிந்திருக்கும். மலையினின்று இறங்கும் குடகனாறு மழைக் காலத்தில் நீரும் ஏனைய நாள்களில் மணலுமாகக் காட்சியளிக்கும். நகரினின்று புறப்படும் ஒரு வண்டி சில நாழிகைக்குள் தார்ச்சாலை, செம்மண் தடம், ஆற்று மணல், மலைப்பாறை என நால்வகைத் தரைகளைக் கடக்க நேரும். ஒவ்வொரு தரையும் சக்கரத்தினிடம் ஒவ்வொன்றை வேண்டுகிறது. அவ்வேண்டுதலை உணர்ந்து செய்த சக்கரமே வண்டியைக் கொண்டு சேர்க்கும். உணராது செய்த சக்கரம் வண்டியையும் அதில் இருப்போரையும் இடருக்கு உள்ளாக்கும்.

இவ்வுண்மையைப் பண்டைத் தச்சர் நன்கறிந்திருந்தனர். கட்டை வண்டியின் சக்கரம் ஆளின் மார்பளவு உயர்ந்து நிற்பது. நடுவே குடம், அதனின்று புறப்படும் ஆரக்கால்கள், அவற்றைத் தாங்கும் வளைந்த வட்டைகள், அனைத்தையும் இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பட்டை. கொல்லர் பட்டையைத் தீயிலிட்டுப் பழுக்கக் காய்ச்சுவர். வெப்பத்தால் விரிந்த பட்டையைச் சக்கரத்தின்மேல் ஏற்றி உடனே நீர் ஊற்றுவர். குளிர்ந்த பட்டை சுருங்கி, மரத்தின் மூட்டுகள் அனைத்தையும் ஒன்றோடொன்று நெருக்கிவிடும். ஆணியினும் வலிய பிணிப்பு இஃது.

சக்கரத்தை அவ்வளவு உயரமாகச் செய்தது அழகு கருதி அன்று. வழியில் பத்துச் சென்டிமீட்டர் உயரமுள்ள கல் ஒன்று குறுக்கிடுவதாகக் கொள்க. சக்கரத்தின்மேல் உள்ள பாரம் 100 கிலோ என்க. ஒன்றரை மீட்டர் குறுக்களவுள்ள சக்கரம் அக்கல்லின்மீது ஏறுதற்குக் கிடைமட்டமாக ஏறத்தாழ 58 கிலோ அளவு இழுவிசை போதும். எழுபது சென்டிமீட்டர் குறுக்களவே உள்ள கெட்டியான சிறு சக்கரத்துக்கோ ஏறத்தாழ 98 கிலோ அளவு இழுவிசை வேண்டும். கல் ஒன்றே, பாரமும் ஒன்றே, எனினும் மாட்டின் கழுத்துக்கு வரும் வருத்தம் வேறு. பெரிய சக்கரம் மேட்டின்மீது சாய்வாக ஏறுகிறது; சிறிய சக்கரம் சுவரின்மேல் மோதுவதுபோல் மோதுகிறது. மேடு பள்ளம் மிக்க வழியில் செல்லும் வண்டிக்கு உயர்ந்த சக்கரம் ஏற்றது என்னும் கருத்தின் வேர் இதுவே.

ஆயினும் இரும்புப் பட்டைக்குக் குறைகளும் உண்டு. அது குறுகியது, ஆதலின் பாரம் முழுவதும் சிறிதளவு நிலத்தின்மீதே அழுந்தும். ஈரமண்ணில் அது கத்திபோல் இறங்கும். நல்ல சாலையையும் அறுத்துப் பள்ளமாக்கும். இக்குறையைப் போக்க வந்தது காற்றடைத்த ரப்பர்ச் சக்கரமாகும். இராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் 1845ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். எனினும் உலகம் அதனை மறந்துவிட்டது. 1888ஆம் ஆண்டில் பெல்பாஸ்டு நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப் தம் மகனின் மூன்றுசக்கர வண்டிக்கென அதனை மீண்டும் படைத்தார். தாம்சனின் முந்திய காப்புரிமை பின்னர்த் தெரியவந்தமையால் டன்லப்பின் காப்புரிமை செல்லாதாயிற்று. ஆயினும் டயர் உலகெங்கும் பரவிவிட்டது. தமிழ்நாட்டில், 1946இல் சென்னைத் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கிய எம்.ஆர்.எப். நிறுவனம் பின்னர் டயர் செய்யும் பெருந்தொழிலாக வளர்ந்தது. உழவரும் கட்டை வண்டிக்கு மாறாக டயர் வண்டியைப் பூட்டலாயினர். அதன் சக்கரம் சிறியதே. எனினும் காற்று, கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு அதிர்ச்சியைத் தணித்தமையால் மாடுகள் மிகுந்த பாரத்தை எளிதில் இழுத்தன.

மாடும் ஏறவியலாத மலைவழிகளில் குதிரைகள் பாரம் சுமந்தன. சிறுமலையின் தோட்டங்களில் இன்றும் குதிரைகள் வாழைத்தாரும் பிற விளைபொருளும் சுமந்து வருவதைக் காணலாம். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளையுடைய மலைச்சாலை ஊரை நகரோடு இணைக்கின்றது. ஆனால் சாலையினின்று தோட்டத்துக்குப் பிரியும் தடங்கள் பலவும் கல்லும் சேறுமானவை. இத்தகைய வழிகளுக்கு ஏற்ற மோட்டார் வண்டியாக வந்தது ஜீப்.

ஜீப் போர்க்களத்தில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல் 1945 வரை, அமெரிக்காவில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் செய்யப்பட்டன. இந்தியா விடுதலை பெற்ற காலத்தையொட்டி மகிந்திரா நிறுவனம் மும்பையில் ஜீப்புகளை இணைத்து விற்கத் தொடங்கியது. அந்த முதல் ஜீப்பின் எடை ஏறத்தாழ 1,100 கிலோவே. தரைக்கும் அதன் அடிப்பகுதிக்கும் இடையே இருந்த வெளி ஏறத்தாழ 22 சென்டிமீட்டர். டயர்களோ குறுகியவை. அஃது எவ்வாறு மலையும் சேறும் கடந்தது? எஞ்சினின் ஆற்றல் நான்கு சக்கரங்களுக்கும் சென்றது. தாழ்ந்த கியர் விரைவைக் குறைத்து இழுவிசையைப் பெருக்கியது. எடை குறைவாக இருந்தது. அதன் வெற்றிக்குக் காரணம் உயரம் மட்டுமன்று என்பதை இதனால் அறியலாம்.

எனினும் கரட்டுவழி செல்லும் வண்டிகளை மேலும் உயர்த்தும் ஆவல் பலரிடமும் எழுந்துள்ளது. அதற்கென ‘லிப்டு கிட்’ என்னும் உறுப்புத் தொகுதிகள் விற்கப்படுகின்றன. அவை பெரும்பாலும் இருவகைப்படும். முதல் வகையில், வண்டியின் சட்டத்துக்கும் மேற்கூட்டுக்கும் இடையே கட்டைகள் வைக்கப்படும். இதனால் மேற்கூடு உயரும். சட்டமும் அச்சும் இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டாம் வகையில், நீண்ட சுருள்வில்லோ வளைவு மிகுந்த பட்டைவில்லோ பொருத்தப்படும். இதனால் சட்டமும் உயரும். ஆனால் இருபக்கச் சக்கரங்களையும் ஒரே தண்டாக இணைக்கும் அச்சுடைய வண்டியில், அச்சின் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டி அதே உயரத்திலேயே தொங்கும். வழியிலுள்ள கல் முதலில் இடிப்பது பெரும்பாலும் அப்பெட்டியையே. அதனை உயர்த்த வல்லது டயர் ஒன்றே. வில்லை எத்துணை நீட்டினாலும் அச்சு ஒரு விரற்கடையும் உயராது. பெரிய டயர் உராயாமல் சுழல இடம் தருவதும், முன்பின் முனைகளும் வயிற்றுப் பகுதியும் மேட்டில் இடியாமல் காப்பதுமே அவ்வில்லின் பயன்.

டயர் தரும் உயரமோ சிறிது. டயரின் பக்கத்தில் பொறித்துள்ள எண்களைக் கொண்டே அதனைக் கணக்கிடலாம். 215/75 ஆர் 15 என்று பொறித்திருப்பின், அகலம் 215 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு 75. உள்ளிருக்கும் இரும்பு வளையத்தின் குறுக்களவு 15 அங்குலம். கணக்கிட்டால் டயரின் முழுக் குறுக்களவு ஏறத்தாழ 703 மில்லிமீட்டர் வரும். அதற்கு மாறாக 235/75 ஆர் 15 பூட்டினால் குறுக்களவு ஏறத்தாழ 733 மில்லிமீட்டர். வேறுபாடு 30 மில்லிமீட்டர். அச்சு சக்கரத்தின் நடுவே உள்ளமையால், அஃது உயர்வது அதில் பாதியாகிய 15 மில்லிமீட்டரே. அதற்கு ஈடாக எஞ்சினின் இழுவிசை நூற்றுக்கு நான்கு அளவு குறையும். விரைவு காட்டும் கருவி 60 கிலோமீட்டர் என்று காட்டும்போது வண்டி உண்மையில் 62 கிலோமீட்டருக்கு மேல் ஓடும்.

உயரத்தினும் சிறந்த உதவி காற்றில் இருக்கிறது. 1,600 கிலோ எடையுள்ள வண்டியின் ஒவ்வொரு சக்கரமும் 400 கிலோ தாங்குவதாகக் கொள்க. சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ வீதம் காற்றழுத்தம் இருப்பின், டயர் தரையில் பதியும் பரப்பு ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர். அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தால் அப்பரப்பு ஏறத்தாழ இருமடங்காகும். ஆற்று மணலில் புதைந்த வண்டி இதனாலேயே பலமுறை கரையேறும். செலவு ஏதுமில்லை, அளவு காட்டும் சிறு கருவியும் காற்றடிக்கும் பம்பும் போதும். ஆனால் மணலைக் கடந்தவுடன் காற்றை மீண்டும் நிரப்புதல் இன்றியமையாதது. காற்றுக் குறைந்த டயர் தார்ச்சாலையில் விரைந்து ஓடினால், ஓயாது மடங்கி மடங்கி வெப்பமேறி வெடித்துவிடும். டயரின் மேல் உள்ள வரிகளும் இத்தகையனவே. ஆழ்ந்து அகன்ற வரிகள் சேற்றைப் பற்றும். அவையே நனைந்த தார்ச்சாலையில் பிடிப்புக் குறைந்து, வண்டி நிற்கும் தொலைவை மிகுவிக்கும்.

வண்டியை உயர்த்துவதால் வரும் பெருந்தீங்கு சாய்தலாகும். ஒரு வண்டியின் இருபக்கச் சக்கரங்களுக்கும் இடைவெளி 140 சென்டிமீட்டர் என்றும், அதன் எடை முழுவதும் குவிந்ததாகக் கருதப்படும் ஈர்ப்பு மையம் தரையினின்று 70 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ளது என்றும் கொள்க. அவ்வண்டி பக்கவாட்டில் 45 பாகை சாயும் வரை கவிழாது. மையத்தைப் பத்துச் சென்டிமீட்டர் உயர்த்தினால் 41 பாகையிலேயே கவிழும். கூரைமேல் மூட்டைகளும் ஏற்றப்பெற்று மையம் 95 சென்டிமீட்டருக்கு உயர்ந்தால் 36 பாகையே எல்லை. இது வண்டி அசையாது நிற்கும்போது உள்ள கணக்கு. வில்லும் டயரும் தாழ்பக்கத்தில் அமுங்குவதால் உண்மையில் அதற்கு முன்னரே கவிழும். வளைவில் திரும்பும்போதோ வெளிப்புறம் தள்ளும் விசையும் சேரும். விரைவு இருமடங்கானால் அவ்விசை நான்கு மடங்காகும். இருபது கிலோமீட்டர் விரைவில் இடரின்றிக் கடந்த கொண்டை ஊசி வளைவை நாற்பதில் கடக்க முயல்வோர் இக்கணக்கை மறந்தவராவர். வண்டியில் பள்ளிப் பிள்ளைகளும் சந்தைக்குச் செல்லும் மூதாட்டியரும் அமர்ந்திருக்கக்கூடும். அவர்களுக்குக் கணக்குத் தெரியாதிருக்கலாம். ஓட்டுபவருக்குத் தெரிந்திருத்தல் வேண்டும்.

பிற தீங்குகளும் உள. வில் நீளும்போது, பிரேக்குக்கு எண்ணெய் கொண்டுசெல்லும் குழாய் இழுபட்டு அறுதல் கூடும். எஞ்சினின் ஆற்றலை அச்சுக்குக் கொண்டுசெல்லும் தண்டு மிகுந்த சாய்வில் சுழன்று அதன் மூட்டுகள் தேயும். முன்விளக்கின் ஒளி உயர்ந்து எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்யும். ஓர் உறுப்பை மாற்றினோர் அதனோடு தொடர்புடைய பத்து உறுப்புகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தொழில் கற்ற மெக்கானிக் முதலில் வினவுவது, ‘எத்துணை உயர்த்துவது?’ என்பதன்று; ‘எவ்வழியில் செல்லும் வண்டி?’ என்பதே.

இந்தியச் சட்டமும் இதில் கருத்துடையது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துதலைத் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 9ஆம் நாள் உச்சநீதிமன்றம் அவ்விதியை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே செய்யப்பெற்ற சட்டத் திருத்தம், விதிக்கு மாறாக வண்டியை மாற்றும் உரிமையாளர்க்கு ஆறு திங்கள் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் தண்டமோ, இரண்டுமோ விதிக்க வழிசெய்தது. சாலை ஒருவர்க்கே உரியதன்று. ஒருவர் தம் விருப்பிற்கேற்ப மாற்றிய வண்டி தடுமாறினால், நடந்து செல்வோரும் எதிரே வருவோரும் துன்புறுவர். ஆதலின் வண்டி வாங்குமுன் தம் வழியை அறிந்து அதற்கேற்ற வண்டியைத் தேர்தலும், உற்பத்தியாளர் ஏற்ற அளவிலேயே டயரைப் பூட்டுதலும், பாரத்தைத் தாழ வைத்துக் கட்டுதலும் நலம் பயக்கும்.

கட்டை வண்டி செய்த தச்சர் சக்கரத்தை உயர்த்தினார். அதனோடு சக்கரங்களுக்கு இடையே அகலத்தையும் வைத்தார். பாரம் ஏற்றிய உழவர் மூட்டைகளை ஒருபக்கம் சாயாமல் அடுக்கினார்; பள்ளம் வருமிடத்தில் இறங்கி மாட்டின் அருகே நடந்தார். எஞ்சின் பூட்டிய வண்டிக்கும் அவ்வறிவு வேண்டும். மலைத்தோட்டத்தின் விளைவு கெடாமல் சந்தை சேர்வதும், அதனைக் கொண்டுவந்தவர் மாலையில் நலமாக வீடு திரும்புவதுமே நல்ல வண்டியின் பயன். தரையை அறிந்து சக்கரத்தைத் தேர்ந்து, சக்கரத்தை அறிந்து விரைவைக் குறைப்போர்க்கு அவ்விரண்டும் எளிதில் வாய்க்கும்.