தாழ்த்திய பிக்கப்பில் ஷாக் பூட்டும் வேலை

பழைய பிக்கப்களைத் தரையோடு தரையாக இறக்கிக் கொடுக்கும் அமெரிக்கப் பட்டறைகளுக்கு அடிக்கடி வரும் வண்டி செவர்லே சி10. அங்கே வேலைக்குச் சேர்ந்தால், வண்டி எந்த வருடத்தது என்று முதலில் கேளுங்கள். 1967 முதல் 1972 வரை வந்தவற்றில் பின்பக்கம் பெரும்பாலும் சுருள் ஸ்பிரிங். 1973 முதல் 1987 வரை வந்தவற்றில் பட்டை ஸ்பிரிங்.

பட்டை வண்டியில் ஆக்சில் பட்டைக்கு அடியில் இருக்கும். அதைப் பட்டைக்கு மேலே ஏற்றிப் பூட்டினால் வண்டி ஐந்தாறு அங்குலம் இறங்கிவிடும். ஆக்சில் இடிக்காமலிருக்க சேசிஸை அரைவட்டமாக வெட்டி, தடித்த தகடு வைத்து வலுவாக்குவார்கள். இதில் எல்லோரும் கவனமாகத்தான் இருக்கிறார்கள். கோட்டை விடுவது ஷாக்கில்.

ஆக்சில் ஐந்து அங்குலம் மேலே ஏறினால் ஷாக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு சுருங்கித்தான் நிற்கும். சின்னப் பள்ளத்தில் இறங்கினாலே உள்ளே பிஸ்டன் முட்டும். "ஸ்பிரிங் கல்லு மாதிரி இருக்கு" என்று வண்டிக்காரர் திரும்பி வருவார். ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள். நீளம் குறைந்த ஷாக் போடுங்கள், அல்லது மேல்பிடியை உயர்த்துங்கள்.

அளவெடுக்கும்போது வண்டி தன் எடையோடு டயரில் நிற்க வேண்டும். ஜாக்கியில் ஆக்சில் தொங்கும்போது எடுத்த அளவு ஷாக்கின் நிற்கும் நீளத்தைக் காட்டாது. ஷாக் முட்டுவதற்கு முன்பே சேசிஸின் ரப்பர் முட்டு ஆக்சிலைத் தடுத்துவிட வேண்டும். தண்டு வெளியே தெரியும் ஷாக் என்றால், அதில் ஒரு கேபிள் டையை இறுக்கி, உடலோடு ஒட்டத் தள்ளிவிட்டு ஒரு சுற்று ஓட்டி வாருங்கள். டை எங்கே நகர்ந்து நிற்கிறதோ, அதுவரை ஷாக் சுருங்கியிருக்கிறது.

இடம் போதவில்லை என்று ஷாக்கைச் சாய்த்துப் பூட்டும் பழக்கம் எனக்குப் பிடிக்காதது. 30 டிகிரி சாய்ந்தால் சக்கரத்துக்குக் கிடைக்கும் தணிப்பு முக்கால்வாசிதான். 45 டிகிரியில் பாதி.

சுருள் ஸ்பிரிங் வண்டியில் கவனிக்க வேண்டியது, ஆக்சில் பக்கவாட்டில் விலகாமல் அதைச் சேசிஸோடு பிணைக்கும் பான்ஹார்டு பார். 20 அங்குல பார் மட்டமாக இருந்து, ஆக்சில் பக்க முனை 5 அங்குலம் மேலே போனால் ஆக்சில் அரை அங்குலத்துக்கு மேல் பக்கவாட்டில் நகரும். ஒரு பக்க டயர் உள்தகட்டை உரசுவது இதனால்தான். 40 அங்குல பார் போட்டால் அந்த நகர்வு பாதிக்கும் கீழே. இறக்கிய உயரத்தில் பார் மட்டமாக நிற்கும்படி பிடியையும் மாற்றுங்கள்.

ஆக்சிலை இறுக்கிப் பிடிக்கும் பழைய யு-போல்ட்டை மறுபடி பூட்டாதீர்கள். முதல் சில நூறு மைல் ஓடியதும் வரச் சொல்லி, புதியதை மறுமுறுக்கு முறுக்குங்கள். ஷாக்கின் நிற்கும் நீளம், ரப்பர் முட்டுக்கு மிச்சமுள்ள இடைவெளி, இரு பக்கமும் டயருக்கும் தகட்டுக்கும் உள்ள தூரம் ஆகியவற்றை வேலை அட்டையில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே வண்டி சத்தத்தோடு வந்தால், எது நகர்ந்தது என்று அந்த அட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.