பார்க்கில் சிக்கிய கியர்

ஆட்டோமேட்டிக் காரில் கியர் லீவர் பார்க் நிலையை விட்டு வரவில்லை என்றால் முதலில் காரின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். நான் யாரிடமும் முதலில் சொல்வது இதைத்தான்.

கீழ்பென்னாத்தூரில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பௌர்ணமி மாலை அப்படி நடந்தது. திருவண்ணாமலைக் கிரிவலத்துக்குக் கிளம்பி எல்லோரும் ஏறியாகிவிட்டது. இன்ஜின் ஓடுகிறது, பிரேக்கை மிதிக்கிறேன், லீவர் அசையவில்லை. "விடுங்க மாமா, நான் இழுக்கறேன்" என்றான் மச்சான். "இழுக்காதே, பின்னாடி பிரேக் லைட் எரியுதான்னு பாரு" என்றேன். இடம், வலம், மேலே கண்ணாடியில் இருப்பது, மூன்றுமே எரியவில்லை. மூன்று பல்பும் ஒரே நாளில் போகாது. அப்படியானால் கோளாறு ஃபியூஸிலோ, பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் சின்ன ஸ்விட்ச்சிலோதான்.

காரணம் எளிது. பெடலை மிதித்ததும் அந்த ஸ்விட்ச் பிரேக் லைட்டை எரியவைக்கிறது. லீவரைப் பிடித்திருக்கும் பூட்டுக்கும் தகவல் போகிறது. தகவல் போகாவிட்டால் பூட்டு திறக்காது. 1980-களில் அமெரிக்காவில் ஆடி 5000 கார்கள் தானாகப் பாய்ந்ததாகப் புகார்கள் குவிந்தபோது பரவலான ஏற்பாடு இது. பெரும்பாலும் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதித்ததே காரணம் என்று 1989-ல் அரசு ஆய்வு சொன்னது. ஆகவே லீவரை முறுக்கி இழுப்பது, நம்மைக் காக்கும் பூட்டை உடைப்பதுதான்.

ஃபியூஸ் நன்றாக இருந்தது, அப்படியானால் ஸ்விட்ச்தான். பல வண்டிகளில் லீவர் பக்கத்தில் நகம் அளவு ஒரு மூடியும், அதற்குள் பூட்டைத் திறக்கும் ரிலீஸ் பட்டனும் இருக்கும். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, சாவியை ஆன் நிலையில் வைத்து, பிரேக்கை மிதித்தபடி, மூடியை நெம்பி உள்ளே ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினேன். லீவர் நியூட்ரலுக்கு வந்தது. அன்று அந்த வண்டியை எடுக்கவில்லை, பஸ்ஸில்தான் போனோம். மறுநாள் மெக்கானிக் வீட்டுக்கே வந்து புது ஸ்விட்ச் போட்டார்.

பிரேக் லைட் எரிந்தும் லீவர் வரவில்லையா? காதை லீவர் பக்கத்தில் வைத்து பெடலை மிதியுங்கள். 'டிக்' சத்தம் வராவிட்டால் பூட்டைத் திறக்கும் மின்காந்தமான சொலினாய்டையோ வயரையோ பார்க்க வேண்டும். லீவர் மேல் குழந்தைகள் ஜூஸ் கொட்டியிருந்தால் அதையும் மெக்கானிக்கிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பேட்டரி இறங்கியிருந்தாலும் பூட்டு திறக்காது. பட்டன் ஸ்டார்ட் வண்டியில் பிரேக் ஸ்விட்ச் போனால் பெரும்பாலும் இன்ஜினே ஸ்டார்ட் ஆகாது.

சரிவில் நிறுத்திய வண்டி என்றால் கதை வேறு. வண்டியின் எடை முழுவதும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சின்னப் பல்லின் மேல் உட்கார்ந்திருக்கும். இரண்டு பேர் மேட்டுப் பக்கம் லேசாகத் தள்ள, அந்த நேரம் பிரேக்கை மிதித்து லீவரை எடுங்கள். அடுத்த முறை நியூட்ரல், ஹேண்ட் பிரேக், அதன் பிறகு பார்க் என்ற வரிசையில் நிறுத்துங்கள்.

ஏ.எம்.டி. வண்டி (மேனுவல் கியர்பாக்ஸே தானாகக் கியர் மாற்றும் வகை) வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. அவற்றில் பார்க் நிலையே இருக்காது.

ரிலீஸ் பட்டனை அழுத்தி லீவரை எடுத்துவிட்டோம் என்று அப்படியே ஓட்டக் கூடாது. திருவண்ணாமலை – செஞ்சி சாலையில் இரவில் லாரியும் பஸ்ஸும் விரட்டிக்கொண்டு வரும். நீங்கள் பிரேக் பிடிப்பது பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. ஸ்விட்ச்சை மாற்றிய பிறகே வண்டியைச் சாலையில் ஏற்றுங்கள்.